பேட்டரியிலிருந்து அழுகிய முட்டை வாடையா? ஸ்டிபைன் வாயு: அறிகுறிகளும் சரிசெய்யும் வழியும்

இன்வெர்ட்டர் பேட்டரி நாறுகிறது என்று யாராவது போன் செய்தால், அது எந்த இடத்தில் இருக்கிறது, பக்கத்தில் யாராவது படுக்கிறார்களா என்றுதான் முதலில் கேட்பேன். மாடிப்படிக்குக் கீழே ஓர் அலமாரி, அதை ஒட்டித் தாத்தாவின் கட்டில். பெரும்பாலும் இப்படித்தான் பதில் வரும். தண்ணீர் குறைந்திருக்கும், ஊற்றினால் வாடை போய்விடும் என்று வீட்டில் எல்லாரும் நம்பிக்கொண்டிருப்பார்கள். தண்ணீர் குறைந்தது உண்மைதான். ஆனால் அந்தத் தண்ணீர் வாயுவாகி வெளியேறிய அதே மூடித் துளை வழியாக ஸ்டிபைனும் வந்திருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத, மிகச் சிறிய அளவிலேயே ரத்தத்தைக் கெடுக்கிற வாயு அது.

அறிகுறி எதுவானாலும் முதல் ஐந்து நிமிட வேலை ஒன்றுதான். அதைச் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

முதலில் செய்ய வேண்டியது

சார்ஜை நிறுத்துங்கள். இன்வெர்ட்டரின் பிளக் பேட்டரி அலமாரிக்குள்ளேயே இருந்தால் அதைத் தொட வேண்டாம். வெளியே மெயின் போர்டில் அந்த லைனின் எம்.சி.பி.யை இறக்குங்கள். இன்வெர்ட்டர் பேக்கப்புக்கு மாறிவிடும், சார்ஜ் நின்றுவிடும். நமக்கு வேண்டியது அதுதான். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். வாடையைப் போக்க ஃபேன் போடுவது, ஊதுபத்தி கொளுத்துவது இரண்டும் கூடாது. பேட்டரி டெர்மினலையும் அந்த நேரத்தில் கழற்றாதீர்கள், பொறி பறக்கும். கொதிக்கும் பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் நிற்கும். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே அது பற்றிக்கொள்ளும். அரை மணி நேரமாவது அறை காற்றாடட்டும்.

இந்த வாயு எங்கிருந்து வருகிறது

பேட்டரி பிளேட்டின் உள்ளே ஈயச் சட்டம் ஒன்று உண்டு. கடைக்காரர்கள் க்ரிட் என்பார்கள். வெறும் ஈயம் விரலால் வளைக்கும் அளவுக்கு மெத்தென்று இருக்கும் என்பதால் அதில் ஆன்டிமனி சேர்க்கிறார்கள். நம் ஊரில் கண்ணுக்கு இடும் அஞ்சனத்தின் அஞ்சனக்கல் இருக்கிறதே, அது இந்த ஆன்டிமனியின் தாதுதான். உலோகத்துக்கும் அலோகத்துக்கும் நடுவில் நிற்கிற உலோகப்போலி. பழைய பேட்டரிகளில் பத்து சதவீதத்தை ஒட்டிக்கூடச் சேர்த்தார்கள். இப்போது மூன்றுக்கும் கீழே கொண்டுவந்துவிட்டார்கள்.

பாசிட்டிவ் க்ரிட் வருடக்கணக்கில் மெல்ல அரிக்கப்படும்போது அதிலிருக்கும் ஆன்டிமனி ஆசிட்டில் கரைந்து, எதிரே இருக்கும் நெகட்டிவ் பிளேட்டில் போய்ப் படிகிறது. சார்ஜ் முடிந்த பிறகும் கரண்ட் போய்க்கொண்டே இருந்தால், நெகட்டிவ் பிளேட்டில் ஹைட்ரஜன் பொங்கும். அப்போது படிந்திருக்கும் ஆன்டிமனி அணு ஒன்றை மூன்று ஹைட்ரஜன் அணுக்கள் பற்றிக்கொண்டு வாயுவாகக் கிளம்பும். அதுதான் ஸ்டிபைன், ஆன்டிமனியின் ஹைட்ரைடு. கொதிநிலை மைனஸ் 17 டிகிரி என்பதால் நம் ஊர் வெயிலில் அது எப்போதும் வாயுதான். தண்ணீரில் அதிகம் கரையாது. அதனால் ஆசிட் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளாமல் குமிழோடு மேலே விட்டுவிடும்.

இன்னொரு குணம் நமக்குச் சாதகமானது. ஸ்டிபைன் நிலையில்லாத மூலக்கூறு. ஆன்டிமனிக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையே உள்ள பிணைப்பு பலவீனமானது. சூடான கண்ணாடிக் குழாய் வழியே அனுப்பினால் 200 டிகிரியிலேயே பிரிந்து, ஹைட்ரஜன் போய்விட, குழாயின் உட்புறத்தில் ஆன்டிமனி கறுப்புக் கண்ணாடிபோலப் பளபளவென்று படியும். அறை வெப்பத்திலும் மெதுவாகச் சிதையும், அப்படிச் சிதைந்து படிந்த ஆன்டிமனி மீதி வாயுவின் சிதைவையும் வேகப்படுத்தும். அதனால் உற்பத்தியை நிறுத்திவிட்டுக் காற்றைத் திறந்துவிட்டால் அறை தெளிந்துவிடும். உற்பத்தியை நிறுத்தாமல் வெறும் ஜன்னலைத் திறப்பதில்தான் பயனில்லை.

அறிகுறி: அழுகிய முட்டை வாடை

ஸ்டிபைனுக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கும் ஏறக்குறைய ஒரே வாடை. மிதமிஞ்சிச் சூடான பேட்டரியிலிருந்து இரண்டுமே வரலாம். மூக்கை வைத்துப் பிரிக்க முயலாதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு கூடினால் மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும், ஆகவே "இப்போ வாடை வரலையே" என்பது நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ள முடியாது.

சுற்றுமுற்றும் பார்த்தால் ஒரு தடயம் கிடைக்கும். ஒரு வீட்டில் பூஜை அலமாரிக்கு நேர்கீழே பேட்டரியை வைத்திருந்தார்கள். அந்த அம்மா என்னிடம் வாடையைப் பற்றிச் சொல்லவே இல்லை. "போன வெள்ளிக்கிழமைதான் தேய்ச்சேன் தம்பி, அதுக்குள்ள பாருங்க" என்று வெள்ளிக் குங்குமச் சிமிழை எடுத்துக் காட்டினார். மூடியின் மேல் பக்கம் கறுத்திருந்தது, திறந்து பார்த்தால் உள்பக்கம் வெள்ளையாக மின்னியது. வெள்ளி இவ்வளவு சீக்கிரம் கறுத்தால் அங்கே ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் அது இருப்பதால் ஸ்டிபைன் இல்லை என்று ஆகிவிடாது. இரண்டையும் கிளப்பிவிடுவது ஒரே கோளாறு: ஓவர்சார்ஜ்.

சரி, ஓவர்சார்ஜ்தானா என்று எப்படி உறுதி செய்வது? அறை நன்றாகக் காற்றாடிய பிறகு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, சார்ஜ் போட்டு மல்ட்டிமீட்டரால் டெர்மினலில் அளந்து பாருங்கள். 12 வோல்ட் டியூபுலர் பேட்டரி முழு சார்ஜுக்குப் பிறகு 13.5 முதல் 13.8 வோல்ட்டில் நிற்க வேண்டும். சார்ஜ் ஏறும் கட்டத்தில் 14.4 வரை போகலாம். பேட்டரிக்குள் இருக்கும் ஆறு செல்களுக்குப் பிரித்தால் செல்லுக்கு 2.4 வோல்ட். அந்த இடத்தில்தான் ஹைட்ரஜன் குமிழ் நன்றாக வர ஆரம்பிக்கும். செல்லுக்கு 2.5 வோல்ட்டைத் தாண்டினால் ஸ்டிபைனுக்கு வாசல் திறந்தது போலத்தான். மணிக்கணக்காக 15 வோல்ட்டில் நிற்கிற பேட்டரியைப் பார்த்தால் யோசிக்கவே வேண்டாம், இன்வெர்ட்டரின் சார்ஜர் போர்டு போய்விட்டது. அதைச் சரிசெய்யும்வரை அந்த பேட்டரியை மாட்டாதீர்கள்.

கோடைக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. இந்த வோல்ட் அளவெல்லாம் 27 டிகிரிக்குச் சொல்லப்பட்டவை. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் செல்லுக்கு 3 முதல் 5 மில்லிவோல்ட் குறைக்க வேண்டும். மே மாதம் தகரக் கூரைக்குக் கீழே பேட்டரி 42 டிகிரியில் இருந்தால், குளிர்காலத்தில் சரியாக இருந்த 14.4 இப்போது கிட்டத்தட்ட 0.4 வோல்ட் அதிகம். வேலூரிலும் திருச்சியிலும் ஏப்ரல், மே மாதங்களில் வாடைப் புகார் கூடுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அறிகுறி: மற்ற செல்கள் கொதிக்க, ஒரு செல் மட்டும் சும்மா இருக்கிறது

எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். பலரும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். ஐந்து செல் நன்றாகக் கொதிக்கிறதே, பேட்டரி உயிரோடுதான் இருக்கிறது என்று நினைத்து ஓட்டுகிறார்கள்.

பேட்டரிக்குள் ஆறு செல்கள். அவற்றில் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆகிவிட்டது என்று வையுங்கள். சார்ஜருக்கு அது தெரியாது. அது வழக்கம்போல 14.4 வோல்ட் தள்ளும். ஆறாகப் பிரிந்தால் 2.4, ஐந்தாகப் பிரிந்தால் 2.88. மீதி ஐந்து செல்களும் ராத்திரி முழுக்க ஸ்டிபைன் உண்டாகும் அளவுக்கு மேலேயே நிற்கும். சார்ஜர் கொஞ்சமும் பழுதில்லாமல் இருந்தும் ஓவர்சார்ஜ் நடக்கும். 13.8-க்கு இறங்கினாலும் ஐந்தாகப் பிரித்தால் 2.76. தப்பவே முடியாது.

கண்டுபிடிப்பது சுலபம். சார்ஜை நிறுத்தி, லோடையும் நிறுத்தி, சில மணி நேரம் விட்டு அளந்து பாருங்கள். 12.6, 12.7 காட்ட வேண்டியது 10.5 பக்கம் நின்றால் ஒரு செல் போய்விட்டது. பிறகு ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை ஒவ்வொரு செல்லிலும் விட்டுப் பாருங்கள். டியூபுலர் பேட்டரிக்கு முழு சார்ஜில் 1.240 அளவில் இருக்கும். ஐந்தில் 1.230, 1.240 என்று வந்து, ஒன்றில் மட்டும் 1.100 என்று மிதவை மூழ்கினால் அந்தச் செல்தான். கண்ணாடி, கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள். முகத்தைத் துளைக்கு மேலே கொண்டுபோகாமல் பக்கவாட்டிலிருந்து எட்டிப் பாருங்கள்.

இதற்கு மருந்து கிடையாது. ஆசிட் மாற்றுகிறேன், பவுடர் போடுகிறேன், மூன்று நாள் பூஸ்ட் சார்ஜ் போட்டுத் தருகிறேன் என்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். பேட்டரியை மாற்றுவதுதான் ஒரே வழி.

அறிகுறி: பேட்டரி மாதாமாதம் தண்ணீர் குடிக்கிறது

புது பேட்டரியில் நாலைந்து மாதத்துக்கு ஒரு தடவை ஊற்றியவர், மூன்றாம் வருடத்தில் மாதாமாதம் ஊற்றுவார். நெகட்டிவ் பிளேட்டில் சேர்ந்துவிட்ட ஆன்டிமனிதான் பெரும்பாலும் இதற்குக் காரணம். சுத்தமான ஈயத்தின் மேல் ஹைட்ரஜன் அவ்வளவு சுலபமாக உண்டாகாது. ஆன்டிமனி படிந்த இடத்தில் குறைந்த வோல்ட்டிலேயே உண்டாகிவிடும். அப்போது சார்ஜுக்குப் போக வேண்டிய கரண்ட் தண்ணீரை உடைப்பதில் போகிறது. ஸ்டிபைனுக்கான மூலப்பொருளும் அதே இடத்தில் தயாராக இருக்கிறது. தண்ணீர் மட்டம் காட்டும் மிதவை அடிக்கடி இறங்குவது, வாடை வருவதற்கு முன்பே கிடைக்கும் எச்சரிக்கை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஓவர்சார்ஜில் 10 ஆம்பியர் ஒரு மணி நேரம் போனால், ஆறு செல்களிலிருந்தும் சேர்ந்து சுமார் 25 லிட்டர் ஹைட்ரஜன் வரும். ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம், அறுபது சென்டிமீட்டர் ஆழம் உள்ள படிக்கட்டு அலமாரியின் கொள்ளளவு 600 லிட்டர். 600-இல் 4 சதவீதம் 24. இறுக்கிச் சாத்திய அலமாரியில் ஒரே மணி நேரத்தில் தீப்பிடிக்கும் எல்லையைத் தொட்டுவிடுகிறது. ஸ்டிபைனுக்கு எட்டு மணி நேர வேலைக்கு அனுமதிக்கும் அளவு பத்து லட்சத்தில் 0.1 பங்கு. அந்த அலமாரிக்கு அது 0.3 மில்லிகிராம், தூள் உப்பில் சில மணிகளின் எடை. வெளியே வரும் ஹைட்ரஜனில் பத்து லட்சத்துக்கு இரண்டு மூன்று பங்கு ஸ்டிபைன் இருந்தாலே அந்த எல்லை வந்துவிடும்.

ஊற்றும் தண்ணீரையும் பாருங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் சுத்தம்தானே என்று பிடித்து ஊற்றுகிற பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. அது செம்புக் குழாயையும் தட்டின் அழுக்கையும் தொட்டுவிட்டு வருகிறது. செம்பும் இரும்பும் பிளேட்டில் படிந்தால் ஆன்டிமனி செய்கிற அதே கெடுதலைச் செய்யும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், சார்ஜ் முடிந்த பிறகு ஊற்றுங்கள், குறியைத் தாண்டாதீர்கள். ஆசிட் ஊற்றவே கூடாது.

அறிகுறி: பூண்டு வாடை

முட்டை வாடை இல்லாமல் வெள்ளைப்பூண்டு நசுக்கியது போல வந்தால் அது ஆர்சைனாக இருக்கலாம், ஆர்சனிக்கின் ஹைட்ரைடு. ஈயத்தை இறுக்க ஆர்சனிக்கையும் சொற்பமாகச் சேர்ப்பது வழக்கம். ஸ்டிபைன் போலவே நெகட்டிவ் பிளேட்டில் உண்டாகும், ஆனால் அதைவிடக் கொஞ்சம் நிலையானது, நச்சும் கூடுதல். இதன் அனுமதி அளவு பத்து லட்சத்தில் 0.05 பங்கு. பூண்டு வாடை மூக்குக்கு எட்டுவதோ 0.5 பங்குக்கு மேல். வாடை தெரிகிறது என்றாலே எல்லையைப் பத்து மடங்கு தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் மாலுமிகளுக்கு ஒருவர் பின் ஒருவராக ரத்தசோகை வந்து, கடைசியில் கப்பலின் பேட்டரிகளிலிருந்து வந்த ஆர்சைன்தான் காரணம் என்று தெரிந்தது. 1919-இல் அது மருத்துவப் பதிவாகவே வெளிவந்தது. ஜன்னலே இல்லாத, பேட்டரிக்கு மேலேயே படுத்துத் தூங்கும் இடம் அது. இன்றைக்கு நாம் படிக்கட்டுக்குக் கீழே அதையேதான் சின்ன அளவில் செய்துகொண்டிருக்கிறோம்.

அறிகுறி: சீல்டு பேட்டரி உப்பிக்கொண்டு நாறுகிறது

யு.பி.எஸ்.ஸில் வரும் மூடிய பேட்டரிகளில் பெரும்பாலும் ஈயத்தோடு கால்சியம்தான் சேர்த்திருப்பார்கள். 1935-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பேட்டரிகளுக்காக ஸ்டிபைனையும் ஆராய்ந்தார்கள், ஈய-கால்சியம் க்ரிட்டையும் ஆராய்ந்தார்கள். அந்த வழியில் வந்ததுதான் இது. ஆன்டிமனி இல்லாததால் ஸ்டிபைனுக்கு இங்கே பெரிதாக வேலையில்லை. உப்பிய பேட்டரி நாறினால் அது சூடேறி ஹைட்ரஜன் சல்ஃபைடு விடுகிறது. அணையுங்கள், ஆறவிடுங்கள், மாற்றுங்கள்.

அறிகுறி: கார்பன் மோனாக்சைடு அலாரம் அடிக்கிறது, எரிவது ஒன்றுமில்லை

அலுவலக பேட்டரி அறைகளில் வருகிற குழப்பம். அந்த சென்சார்கள் பல ஹைட்ரஜனுக்கும் அடிக்கும். அலாரம் பழுது என்று பேட்டரியைக் கழற்றிப் போடாமல், சார்ஜரைப் பாருங்கள்.

அறிகுறி: ஆளுக்கு உடம்பு சரியில்லை

தலைவலி, குமட்டல், அசதி. முதலில் ஜுரம் வரப்போவது போல இருக்கும். பிறகு வயிற்றிலோ இடுப்பிலோ வலி. அதன்பின் சிறுநீர் கறுத்த சிவப்பில், கடுங்காப்பி நிறத்தில் போகும். அந்த நிறத்தைக் கண்டால் ஒரு நிமிடமும் வீட்டில் இருக்காதீர்கள். ஸ்டிபைனும் ஆர்சைனும் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கின்றன. உடைந்த அணுவிலிருந்து வெளியான ஹீமோகுளோபின்தான் சிறுநீரில் வருகிறது, அதுவே சிறுநீரகத்தையும் அடைத்துக் கெடுக்கும். வாயுவைச் சுவாசித்ததற்கும் இந்த அறிகுறிக்கும் நடுவே இரண்டு மணி நேரமும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். நேற்று சாயங்காலம் பேட்டரி அறையில் இருந்ததை நோயாளி மறந்தே போயிருப்பார்.

பெரிய ஆஸ்பத்திரிக்கே போங்கள், டயாலிசிஸும் ரத்தம் மாற்றும் வசதியும் தேவைப்படலாம். டாக்டரிடம் "பேட்டரி ஓவர்சார்ஜ் ஆன அறையில் இருந்தார், ஸ்டிபைனோ ஆர்சைனோ சுவாசித்திருக்கலாம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் மஞ்சள் காமாலை என்று சுற்றிக்கொண்டிருக்க நேரும். பால் கொடுப்பது, மோர் கொடுப்பது எதற்கும் உதவாது.

பேட்டரியை எங்கே வைப்பது

ஸ்டிபைன் காற்றைவிட நாலு மடங்குக்கு மேல் கனம், தரையில்தான் தேங்கும் என்று சொல்வார்கள். சுத்தமான ஸ்டிபைனுக்கு அது சரி. பேட்டரியிலிருந்து வரும்போது அது ஏராளமான ஹைட்ரஜனில் துளியாகக் கலந்து, ஹைட்ரஜனோடு சேர்ந்து மேலேதான் கிளம்புகிறது. பிறகு அறைக் காற்றில் கலந்துவிடும். அதனால் அலமாரிக்குக் கீழே ஒரு திறப்பும் மேலே ஒரு திறப்பும் இரண்டுமே வேண்டும். மேல் திறப்பு வீட்டுக்குள் திறக்காமல் வெளிச்சுவரில் திறக்கட்டும். அதைவிட நல்லது, நிழலான வெளி வராந்தாவுக்கு பேட்டரியை மாற்றிவிடுவது. ஒயரைக் கொஞ்சம் தடிமனாகப் போட்டால் இரண்டு மூன்று மீட்டர் தூரம் ஒரு பொருட்டில்லை.

பேட்டரி கடை நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் எப்போதாவது நடப்பது உங்கள் கடையில் தினமும் நடக்கிறது. ஷட்டரைப் பாதி இறக்கி, பின்பக்கச் சுவரோரம் எட்டுப் பத்து பேட்டரிகளை வரிசையாக வைத்து, 16 வோல்ட் வரை பூஸ்ட் சார்ஜ் ஏற்றுகிறீர்கள். செல்லுக்கு 2.6-க்கு மேல். பழைய பேட்டரிகள், ஆன்டிமனி நிறைய ஊறிய நெகட்டிவ் பிளேட்டுகள். அதற்கு இரண்டடி தள்ளி ஸ்டூல் போட்டு, வேலை கற்க வந்த பையன் காலை ஒன்பது மணியிலிருந்து உட்கார்ந்திருக்கிறான். மத்தியானச் சாப்பாட்டையும் அங்கேயேதான் பிரிக்கிறான். சார்ஜிங் பெஞ்சை வாசலுக்கு வெளியே கூரை போட்டு மாற்றுங்கள். முடியாவிட்டால் பின்சுவரில் ஓட்டை போட்டு, பொறி வராத எக்ஸாஸ்ட் ஃபேன் வையுங்கள், சார்ஜ் போடுவதற்கு முன்பே அது ஓட ஆரம்பிக்கட்டும். பூஸ்ட் சார்ஜின் கடைசி மணி நேரங்களில் யாரும் பெஞ்ச் பக்கம் போக வேண்டாம், அளவு எடுக்க வேண்டுமானால் சார்ஜை நிறுத்திக் கால் மணி நேரம் கழித்துப் போகலாம். பையனின் ஸ்டூலை இன்றைக்கே தெருப்பக்கம் நகர்த்திவிடுங்கள்.